தோணாவைச் சுத்தம் செய்ததைப் பிடுங்கிவிட்டு, தோணா நாறுகிறது என்கிறோம்



இம்முறையும் பெக்கோ வந்தது. தோணாவில் நின்ற பன், சம்பு எல்லாவற்றையும் வழித்துக் கரையில் போட்டது. போட்டோ பிடித்து "தோணா சுத்தமாகிவிட்டது" என்று முகநூலிலும் போட்டாயிற்று. மூன்று கிழமையில் பழைய நாற்றம் திரும்பிவிட்டது. இப்போது அடுத்த கதை: இரு கரைக்கும் கொங்கிரீட், மேலே நடைபாதை.

கொங்கிரீட் தண்ணீரைச் சுத்தம் செய்யுமா? மழைக்காலத்தில் அழுக்கை இன்னும் வேகமாகக் கடலுக்குத் தள்ளும், அவ்வளவுதான். முகத்துவாரம் மண்மூடிக் கிடக்கும் மாதங்களில் அதுவும் நடக்காது.

தோணாவுக்குள் போவது எமது குசினித் தண்ணீர், ஹோட்டல் கழுவல், கோழிக்கடைக் கழுவல், பள்ளிவாசலில் வுழூ செய்த தண்ணீர். மலசலகூடக் குழாயையே கானுக்குள் திருப்பியவர்களும் உண்டு, அவர்களுக்கே தெரியும். இந்தக் கழிவைத் தின்பது பக்டீரியா. அவை ஒட்டி வாழ வேரும் தண்டும் கல்லும் வேண்டும். பன், சம்பு போன்ற செடிகள் தண்டு வழியாக வேருக்கு ஒட்சிசன் இறக்குகின்றன. வேரோரத்தில் அமோனியா நைத்திரேற்றாகிறது; காற்றில்லாத சேற்றில் அது நைதரசன் வாயுவாகிப் போய்விடுகிறது. வகுப்பில் நைதரசன் வட்டத்தைக் கீறச் சொல்லிப் புள்ளி போடுகிறோம். ஊரில் அதையே பெக்கோவால் வழிக்கிறோம்! பாய் பின்னிய எமது உம்மம்மாமார் இந்தப் பன்னைக் குப்பை என்று சொன்னதில்லை.

கல்கத்தாவின் கிழக்கே சுமார் 12,500 ஹெக்டயர் ஈரநிலம். நகரத்தின் கழிவுநீர் அங்குள்ள குளங்களில் வெயிலாலும் பாசியாலும் தெளிகிறது, அதிலேயே மீன் வளர்க்கிறார்கள். அமெரிக்காவில் ஆர்கேட்டா என்ற சின்ன ஊர் 1986 முதல் தன் கழிவுநீரைச் செயற்கைச் சதுப்புநிலம் வழியாக விடுகிறது. எங்கள் கொழும்பே 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்று பெயர் வாங்கியது. எங்களுக்கு மட்டும் நடைபாதை.

கான் தோணாவில் விழும் இடத்தில் முதலில் அடையல் தொட்டி, எண்ணெய்ப் பொறி. பிறகு முழங்காலைத் தாண்டிய ஆழத்தில் சல்லிக்கல் படுக்கை, அதில் பன். வெப்ப நாட்டில் ஆளுக்கு 1 முதல் 3 சதுர மீட்டர் போதும். 40 பேர் வாழும் வீடுகளுக்கு 5 பேர்ச்சுக்குள் அடங்கும். இதற்குச் சல்லிக்கல்தான் அதிகம் வேண்டும், கொங்கிரீட் அளவுக்குச் சல்லி வேண்டாம். கொந்தராத்துக்காரருக்குப் பிடிக்காததும் அதனால்தான் போல.

நுளம்பு பெருகுமே என்கிறார்கள். தண்ணீர் கல்லுக்கு மேலே வராமல் கீழாலேயே ஓடும்படி கட்டினால் நுளம்பு முட்டையிட இடமில்லை. இன்று திறந்த கானில் தேங்கி நிற்கிறதே, அதற்கு என்ன பதில்?

நஜீஸ் தண்ணீராச்சே என்கிறார்கள். நிறமும் மணமும் சுவையும் மாறிய நிலை முற்றாக நீங்கும்வரை சுத்திகரித்தால் அந்தத் தண்ணீர் தூய்மையானதே என்று சவூதி மூத்த உலமாக்கள் சபை 1978இலேயே சொல்லிவிட்டது. நாம் வுழூ செய்யக்கூடக் கேட்கவில்லை, பள்ளி வளவுத் தென்னைக்கு விடலாமே என்கிறோம்.

கட்டிவிட்டு மறக்க முடியாது என்பது உண்மை. தொட்டியில் சேறு வார வேண்டும், பன் வெட்ட வேண்டும், அடைத்துக்கொண்டால் கல்லைக் கழுவ வேண்டும். முழு ஊருக்கும் இடம் போதாது என்பதும் உண்மை. ஆகவே ஒரு கான் வாயிலில் தொடங்குவோம். எந்தப் பள்ளி நிர்வாகம் 5 பேர்ச் தருகிறது? இந்த ஜும்ஆ முடிந்ததும் வாசலில் நிற்கிறேன், பதில் சொல்லுங்கள். அதுவரை பெக்கோவை நிறுத்துங்கள்.