அலை உடையாத இடம்

கோகர்ணத்துக்கு வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. கடலில் முழுக்குப் போட்டுவிட்டு ஈரத் துணியோடு மகாபலேஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள் முதல் வகை. முதுகுப் பையோடு தெற்கே குன்றேறி, ஆள் அரவமில்லாத கடற்கரையைத் தேடிப் போகிறவர்கள் இரண்டாவது வகை. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்திலுள்ள இந்தச் சின்ன ஊர் இரு சாராரையும் சலிப்பில்லாமல் ஏற்றுக்கொள்கிறது. சந்தையில் ஹாலக்கி பெண்கள் இரு சாராருக்கும் கீரை விற்கிறார்கள்.

ஊருக்கு எதிரே இருப்பது நீண்ட, நேரான கடற்கரை. பக்தர்கள், ஒட்டகச் சவாரி, சுண்டல் காகிதம் எல்லாம் அங்கேதான். குன்றைத் தாண்டினால் குட்லே. அதற்கடுத்த மேட்டுக்கு அப்பால், இரண்டு பிறை வடிவ வளைவுகளும் நடுவே பாறையுமாக ஓம் கடற்கரை. அதன் பிறகு ஹாஃப் மூன், பாரடைஸ் என்று ஆங்கிலப் பெயர் சூட்டப்பட்ட சிறு குடாக்கள். இவற்றுக்குச் சாலை கிடையாது. பாறைச் சரிவில் ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும். அல்லது படகுக்காரரிடம் பேரம் பேச வேண்டும். இன்னும் தெற்கே போனால் அகநாசினி ஆற்றின் முகத்துவாரம்.

இந்த வரிசையைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். அமைதி என்பது இங்கே சாலைக்கு எதிர்ப்பதம். 1998இல் கொங்கண் ரயில் பாதை முழுமையடைந்த பிறகு கோகர்ணத்துக்கு வந்து சேர்வது சுலபமாயிற்று. ஓம் கடற்கரைக்குக் கார் போகத் தொடங்கியதும் அமைதி விரும்பிகள் அடுத்த குடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கும் படகுகள் வந்துவிட்டன. உண்மையில் புதிய இடத்தைத் தேடுவதைவிடப் பழைய இடத்தில் நேரத்தைத் தேடுவது புத்திசாலித்தனம். டிசம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் குட்லேயில் இருக்கும் தனிமை, ஞாயிறு மதியம் பாரடைஸில் கிடைக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கடலே கிடையாது என்று வைத்துக்கொள்ளலாம். ஜூன், ஜூலை இரண்டு மாதங்களும் இயந்திரப் படகுகளே மீன்பிடிக்கத் தடை இருக்கும்போது, நீந்த வந்தவருக்கு மட்டும் என்ன அவசரம்?

ஆனால் இடம் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. தண்ணீரில் எங்கே இறங்குவது? அலைகள் நுரைத்து உடையும் பகுதியைப் பார்த்தால் புதியவருக்குப் பயம். சற்றுத் தள்ளி ஓரிடத்தில் அலை உடையாமல், தண்ணீர் கொஞ்சம் கருத்து, சாதுவாகத் தெரிகிறது. குழந்தையைக் கூட அங்கேதான் இறக்குவார்கள். இழுவை நீரோட்டம் இருப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

விஷயம் எளிது. அலைகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போக வேண்டும். மணல் திட்டுகளுக்கு இடையே பள்ளமான வாய்க்கால் ஒன்று அகப்பட்டால் அதன் வழியே மொத்தமாகப் பாய்கிறது. பள்ளம் என்பதால் அங்கே அலை உடைவதில்லை; அமைதியாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான். குடாக்களில் இந்த ஓட்டம் பாறை முனைகளை ஒட்டியும் ஓடும். கூட்டத்தைத் தவிர்க்க நினைப்பவர் ஒதுங்குவதும் பாறை ஓரமாகத்தான். வேகம் சில சமயம் வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டும். ஒலிம்பிக் வீரரால் கூட அதை எதிர்த்து நீந்தி முன்னேற முடியாது. அலைச்சறுக்குப் பலகையோடு போகிறவர்கள் இதே ஓட்டத்தை இலவச வாகனமாகப் பயன்படுத்தி ஆழத்துக்குப் போகிறார்கள்.

ஒரு ஆறுதல்: இந்த ஓட்டம் ஆளை அடியில் அமிழ்த்துவதில்லை, வெளியேதான் இழுத்துப் போகிறது. அலை உடையும் எல்லையைத் தாண்டியதும் பெரும்பாலும் வலுவிழந்துவிடும். மல்லுக்கட்டிக் களைத்துப் போகிறவர்கள்தான் மூழ்குகிறார்கள். மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கிக் காட்டி, முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, நுரை உடையும் பகுதி வழியாகத் திரும்ப வேண்டும்.

கையைத் தூக்கினால் பார்ப்பதற்கு ஆள் வேண்டுமே! குட்லேயிலும் ஓமிலும் பகலில் உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள். ஒற்றையடிப் பாதையில் போய்ச் சேரும் குடாவில் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. அமைதிக்குச் செலுத்தும் விலை இது. இதே மாவட்டத்தில் ஹொன்னாவர் அருகே காசர்கோடு கடற்கரைக்கு 2020இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. குளிக்க எல்லை வகுத்து, காவலுக்கு ஆள் போட்ட இடம். தனிமை தேடுகிறவர்களுக்கு அது ரசிப்பதில்லை.

இதே மாவட்டத்தின் முருடேஸ்வரத்தில் 2024 டிசம்பரில், கோலார் பக்கமிருந்து சுற்றுலா வந்த நான்கு பள்ளி மாணவிகள் கடலில் மூழ்கி இறந்தார்கள். அதே ஆண்டு மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தார்கள். அப்போது வந்தது மலையாளத்தில் 'கள்ளக்கடல்' எனப்படும் அலைப் பெருக்கம். தென்னிந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசிய புயலால் கிளம்பும் அலை, பல நாள் பயணம் செய்து, காற்றே இல்லாத தெளிந்த நாளில் திருடனைப் போல் கரையேறும். ஐதராபாத்திலுள்ள 'இன்காய்ஸ்' கடல் தகவல் மையம் அப்போது எச்சரிக்கை விடுத்திருந்தது. விடுமுறைக்கு வந்தவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டுக் கடலுக்குப் போகிறார்கள்?

கோகர்ணத்தில் அந்த எச்சரிக்கையைக் கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம். அதோடு படகை மணலில் ஏற்றிவிட்டு வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பதும் நல்லது. இன்று ஏற்றம் எப்போது, இறக்கம் எப்போது, எந்தப் பாறையை ஒட்டித் தண்ணீர் வெளியே இழுக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நேற்றைய நேரம் இன்று செல்லாது; ஏற்றமும் இறக்கமும் தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இறக்கத்தின்போது ஆற்று முகத்துவாரத்துப் பக்கமே போக வேண்டாம் என்று அவர் சொன்னால், பை எவ்வளவு கனமாக இருந்தாலும் குட்லேக்குத் திரும்பி நடக்க வேண்டியதுதான்.