செம்பும் திராட்சையும்

திராட்சை மது என்றதும் முகத்தைச் சுளித்துக் கொண்டு பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! குடிக்க அழைக்கவில்லை, ஊர் பார்க்கத்தான் அழைக்கிறேன்.

ஆஸ்திரேலியாவில், அடிலெய்டு நகரத்துக்கு வடக்கே காரில் சுமார் இரண்டு மணி நேரம் போனால் கிளேர் பள்ளத்தாக்கு. இங்கே செவன்ஹில் என்னும் இடத்தில், ஆஸ்திரியாவிலிருந்து வந்த சேசு சபைப் பாதிரிமார் 1851-ல் நிலம் வாங்கித் திராட்சை பயிரிட்டார்கள். எதற்குத் தெரியுமா? மாதா கோவில் பூசைக்கு வேண்டிய ரசத்துக்காக! இன்றும் அது அங்கே தயாராகிறது. மற்ற மது வகைகளும் உண்டு. வருகிறவர்களுக்கு ருசி பார்க்க ஒரு வாய் ஊற்றித் தருவார்கள். ருசித்ததைத் துப்பப் பாத்திரமும் வைத்திருப்பார்கள். கார் ஓட்டுகிறவர் அந்தப் பாத்திரத்தை விட்டு நகரக் கூடாது!

மத்தியானச் சாப்பாடு ஆனதும் பர்ராவுக்குப் புறப்படுங்கள். 40 கிலோமீட்டர்தான். 1845-ல் அங்கே செம்பு அகப்பட்டது. அடிலெய்டின் பெரிய மனிதர்கள் ஒரு கட்சி, கடைக்காரர்கள் ஒரு கட்சி. நிலத்தை வாங்கிச் சீட்டுப் போட்டுப் பங்கிட்டுக் கொண்டார்கள். செம்பெல்லாம் கடைக்காரர்கள் பங்கில்!

இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். வீடுகள் போதவில்லை. ஓடைக் கரையைக் குடைந்து குடியேறினார்கள். 1851-ல் அப்படி இருந்தவர்கள் சுமார் 1,800 பேர். வாடகை இல்லை என்பது ஒன்றுதான் சௌகரியம். புகை போவதற்கு மேலே தரையில் ஒரு துவாரம். அதற்குள்தான் சமையல், பிள்ளைப் பேறு, நோய் நொடி எல்லாம். அதே வருஷம் ஓடையில் வெள்ளம் வந்தது. மண் வீடுகளில் தண்ணீர் புகுந்தது. கைக்குழந்தையும் சட்டி பானையுமாகக் கரையேறிய அந்தப் பெண்களை நினைத்துப் பாருங்கள்!

சுரங்கத்தை 1877-ல் மூடிவிட்டார்கள். பிற்காலத்தில் மறுபடியும் தோண்டினார்கள். 1981-ல் அதுவும் நின்றது. மிஞ்சியது பெரிய பள்ளம். வெள்ளம் வந்த அதே 1851-ல் தொடங்கிய திராட்சைத் தோட்டமோ இன்னும் காய்க்கிறது. தோண்டியது தீர்ந்துவிட்டது, நட்டது நிற்கிறது.

பர்ராவில் ஒரு விசேஷம். கட்டணம் வாங்கிக் கொண்டு நம் கையில் ஒரு சாவி கொடுக்கிறார்கள். பூட்டிய பழைய இடங்களை நாமே திறந்து பார்க்கலாம். மிச்சமிருக்கும் கரை வீடுகளை அவசியம் பாருங்கள். நம் வீட்டுச் சமையலறை சிறியது என்ற குறை அன்றோடு தீரும்.

திரும்பும்போது பழக்க தோஷத்தில் அந்தச் சாவியை இடுப்பில் செருகிக் கொண்டு வந்துவிடாதீர்கள்!