மருந்து உண்ணும் பிள்ளையும் திடீர்ப் பதற்றமும்



ஓரிடத்தில் அமர இயலாமலும், எடுத்த பாடத்தில் மனம் நிலைக்காமலும் தவிக்கும் பிள்ளைகள் சிலருக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகைச்செயல் கோளாறு இருப்பதை மருத்துவர்கள் கண்டறிகின்றனர். வளர்ப்பில் நேர்ந்த குறையால் வருவதன்று இது. இதற்கென அளிக்கப்படும் ஊக்க மருந்துகளுள் மெதில்பெனிடேட் பெரிதும் வழக்கிலுள்ளது. இவ்வகை மருந்து துடிப்புமிக்க சிறுவர்களின் படிப்பையும் நடத்தையையும் சீராக்குவதை அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பிராட்லி 1937ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டார்.

மூளையில் டோபமின், நார்அட்ரினலின் ஆகியவற்றின் செயலைக் கூட்டியே இம்மருந்து கவனத்தை நிலைநிறுத்துகிறது. அதே செயலால் இதயத் துடிப்பும் சற்று விரைவுபடும். பசியின்மை, உறக்கமின்மை, தலைவலி, வயிற்றுவலி ஆகியவை சில பிள்ளைகளுக்கு வரலாம். ஒரு சிலருக்குத் திடீர்ப் பதற்றமும் தோன்றக்கூடும். நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், கைகால் நடுங்கும், "எனக்கு என்னவோ ஆகிறது" என்று பிள்ளை அலறும். சில நிமிடங்களில் உச்சத்தை அடைந்து, பின்னர் மெல்லத் தணியும்.

இவ்வேளையில் 'நடிக்கிறான்' எனக் கடிந்துகொள்வோர் உண்டு. 'காற்றுக் கறுப்பு' என்று தாயத்துத் தேடி ஓடுவோரும் உண்டு. தாமாகவே மருந்தை நிறுத்திவிடுவோரும் உளர். இவற்றால் காரணம் மறைந்தே போகிறது.

மாறாக, கடிகாரத்தைப் பாருங்கள். மருந்து உட்கொண்ட ஓரிரு மணி நேரத்தில் பதற்றம் வருமாயின் அளவு மிகுந்திருக்கலாம். மாலையில் மருந்தின் வேகம் தணியும்போது எரிச்சலும் அழுகையும் தோன்றுவது மற்றொரு வகை. மருந்து உண்ணாத நாளிலும், தேர்வு, பள்ளி என்றாலே பதற்றம் வருமாயின், அச்சநோய் தனியே இருக்கலாம். இக்கோளாறுடன் அதுவும் சேர்ந்து வருவது அரிதன்று. தேநீர், காபி, கோலா பானங்கள், மூக்கடைப்பு நீக்கும் சில மருந்துகள் ஆகியவையும் படபடப்பைக் கூட்டும்.

இரண்டு வாரங்களுக்கு ஒரு குறிப்பேட்டில் மருந்து அளித்த நேரம், பதற்றம் வந்த நேரம், உண்டவை, உறங்கிய நேரம் ஆகியவற்றை எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் அளவைக் குறைக்கலாம், வேளையை மாற்றலாம், ஊக்க மருந்து வகையைச் சேராத அடமாக்செட்டின் போன்றதைத் தேர்ந்தெடுக்கலாம். குடும்பத்தில் எவரேனும் இளவயதில் இதய நோயால் திடீரென மறைந்திருப்பின், அதனை மருந்து தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். ரமலானில் நோன்பு நோற்க விரும்பும் பிள்ளையின் மருந்தை மருத்துவரைக் கேளாமல் சஹர் வேளைக்கு மாற்றாதீர்கள்.

பதற்றம் வந்த நேரத்தில் கூட்டத்தை விலக்கி, பிள்ளையின் அருகில் அமர்ந்து, தாழ்ந்த குரலில் பேசி, மூச்சை மெதுவாக வெளிவிடச் சொல்லுங்கள். ஆனால் நெஞ்சுவலி, மயக்கம், இல்லாத உருவத்தைக் காண்பது ஆகியவற்றுள் எது நேர்ந்தாலும், குறிப்பேட்டுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.