சித்தி திரித்த திரி

அம்மா போய் ஒன்றரை வருடமாகியும் ராஜபாளையம் வீட்டில் அவள் பீரோவை என்னால் ஒதுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை திறப்பேன். மேலாக இருக்கும் சுங்குடிச் சேலையைப் பிரிப்பேன், மடிப்பேன், அங்கேயே வைத்துப் பூட்டிவிடுவேன். ஒத்தாசைக்கு வந்த சொந்தக்காரர்கள் "இதெல்லாம் எதுக்குப்பா, காயலான் கடைக்குப் போடு" என்று சொல்லச் சொல்ல, பரணில் கிடந்த ஓட்டை அண்டாவைக்கூட விட மனம் வரவில்லை.

பிறகுதான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சித்தி வந்தாள். பக்கத்து ஊர்தான், பஸ்ஸில் அரை மணி நேரம். பால்கோவாப் பொட்டலத்தை அடுப்படியில் வைத்துவிட்டு, பீரோவுக்குப் பக்கவாட்டில் சுவரோடு சாய்ந்து கால் நீட்டினாள். மடியில் பஞ்சு. "நீ பாட்டுக்குப் பாருய்யா. நான் திரி திரிக்கேன்."

பஞ்சைப் பிய்த்து நீட்டி, விரல் நுனியில் பால் தொட்டு, உள்ளங்கையில் வைத்து ஒரே உருட்டு. திரிகள் தட்டில் வரிசையாகச் சேர்ந்தன. அன்று மதியத்துக்குள் இரண்டு தட்டு காலியானது, பீரோவில்.

பக்கத்தில் ஓர் ஆள் இருந்தாலே வேலை ஓடுவதைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள். 1898-இல் நார்மன் டிரிப்ளெட் என்ற அமெரிக்கர் சைக்கிள் பந்தயக் கணக்குகளைப் பார்த்து, தனியாக மிதிப்பவரைவிடக் கூட ஆள் இருப்பவரின் வேகம் கூடுவதை எழுதினார். பழகிய வேலைக்குத்தான் அது பொருந்தும், பழகாத வேலையில் பக்கத்து ஆள் தடுமாற வைப்பார் என்று 1965-இல் ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் விளக்கினார். இன்று ஏ.டி.எச்.டி. என்ற கவனக் குறைபாடு உள்ளவர்கள் இப்படித் துணைக்கு ஓர் ஆளை உட்கார வைத்து வேலை பார்ப்பதை 'பாடி டபுளிங்' என்கிறார்கள்.

சேலை மடிப்பது எனக்குப் பழகிய வேலை. அம்மாவின் சேலையை இன்னொருவருக்குக் கொடுப்பது பழகாதது. அதை யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் கை நின்றுவிடுகிறது. சித்தி பார்க்கவில்லை. அவள் கண் திரியில் இருந்தது. அந்த வித்தியாசம்தான் எல்லாம் என்று நினைக்கிறேன்.

எல்.ஐ.சி. ரசீதுகள், நூல் கட்டிய கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் போயின. அடித்தட்டில் பாதி தீர்ந்த பேண்டேஜ் துணிச் சுருள் ஒன்று. சத்திரப்பட்டித் தறியில் நெய்தது. அப்பாவின் கால் புண்ணுக்கு அம்மா தினமும் கட்டியதில் மிச்சம். அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ. உருட்டும் சத்தம் நின்றிருந்தது. சித்தி ஒன்றும் சொல்லவில்லை. நான் சுருளை எடுத்து என் பைக்குள் வைத்த பிறகு, அடுத்த பஞ்சைப் பிய்த்தாள்.

நேற்று சித்தியின் போன். சித்தப்பாவின் டிரங்குப் பெட்டி அப்படியே கிடக்கிறதாம். "ஒரு நாள் வந்து சும்மா உட்கார முடியுமாய்யா?"

பஞ்சு வாங்கி வைத்துவிட்டேன். திரிக்கத்தான் இன்னும் வரவில்லை.