பாம்புக்கு எலி வளர்த்தா தப்பா?

எலிக்கு மருந்து வைக்கிற ஊருல எலி வளர்க்கறானாம்னு ராசிபுரத்துல ஒரு தம்பியை எல்லாரும் கிண்டல் பண்றாங்க. தம்பி வளர்க்கறது பால் பைத்தான் குட்டி. அதுக்குத் தீனியாத்தான் வெள்ளைச் சுண்டெலி. நான் தம்பி கட்சிங்க.

வயக்காட்டு எலி ஓசிதான். ஆனா அது என்னத்தைத் தின்னுட்டு வந்துச்சோ? புரோமாடியலோன் தின்ன எலி உடனே சாகாது, நாலஞ்சு நாள் நடமாடும். அதைப் பிடிச்சுப் போட்டா விஷமும் சேர்ந்துதானே உள்ளே போகும்? பிடிக்கிற ஆளுக்கு எலிக்காய்ச்சல் பயம் வேற.

சுண்டெலிக்கு 20 நாள்தான் சினை. ஈத்துக்கு ஏழெட்டு குட்டி, ஆறு வாரத்துல அதுங்களும் குட்டி போட ரெடி! ஒரு ஆண், ரெண்டு பெண் தாராளம். மீறினா வீடு நாறிடும்.

பாவம் இல்லையாங்கறாங்க. பாவந்தான். நாமக்கல் முட்டை தின்னுட்டு இதைக் கேக்கலாமா? முட்டைக்கோழி இனத்துல சேவல் குஞ்சைப் பெரும்பாலும் பொரிச்ச அன்னிக்கே கழிச்சுடறாங்களே. ஆனா உயிரோட எலியைப் பாம்புப் பெட்டிக்குள்ள விடறதை நான் ஒத்துக்க மாட்டேன். எலிக்குச் சித்திரவதை, பாம்பையும் அது கடிச்சுக் குதறிடும். சட்டுனு கொன்னுட்டுத்தான் போடணும்.

இதெல்லாம் வெளிநாட்டுப் பாம்புக்குத்தான். சாரை, மண்ணுளியை வீட்டுல வெச்சா 1972 வனவிலங்குச் சட்டம் பாயும். பால் பைத்தானையும் 2024 விதிப்படி பதிவு செய்யணும். தம்பி செஞ்சாச்சு, கேட்டுட்டுத்தான் கட்சி சேர்ந்தேன் :)

நம்மூர் சித்திரை வெயிலைச் சுண்டெலி தாங்காது. டப்பாவைத் தகரக் கொட்டாயில இருந்து திண்ணைக்கு மாத்தச் சொல்லியிருக்கேன். அவங்கம்மா சம்மதிக்கணும்.