வழிகோலும் பற்றுக்குழலும்

உயரப் பறந்ததைக் கண்டு கைகொட்டுவார் பலர். நேராகப் புறப்பட்டதா என்று நோக்குவார் சிலரே. மாணவர் செய்யும் மாதிரி ரொக்கெட்டுகளின் வகையில் இக்குறை பெரிதும் காணப்படுகின்றது. கூம்பின் அழகையும் செட்டையின் வண்ணத்தையும் வியப்போர், உடலின் பக்கத்தே ஒட்டப்பெற்ற சிறு குழலையும், அக்குழலின் ஊடே நிற்கும் இரும்புக் கம்பியையும் பொருட்படுத்துவதில்லை. தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என வினவுவோர் உளர். பொருத்தம் என்பது சொல்லுக்கும் பொருளுக்கும் மட்டும் உரியதன்று என்பதே அவர்க்கு யான் கூறும் விடை.

முதலில் பெயர் வேண்டும். கம்பியை வழிகோல் எனவும், குழலைப் பற்றுக்குழல் எனவும் ஈண்டு வழங்குவேன். வழிகோலுதல் நம் பழைய வழக்கு. அதிலுள்ள கோல் வினை, கையிலுள்ள கோல் பெயர் என்று இலக்கணம் வல்லார் எழுந்தால் எழுக. மாணவன் நாவில் நிற்கும் சொல்லே எனக்கு வேண்டியது.

தீபாவளியன்று போத்தலில் நிறுத்திக் கொளுத்தும் ஈர்க்குவாணத்தை எல்லாரும் அறிவர். அது தன் குச்சியைத் தன்னோடு கொண்டு செல்கின்றது. மைசூர்ப் படையினர் ஆங்கிலேயர் மீது எய்த வாணங்களிலும் நீண்ட மூங்கில் இருந்தது. 1950களில் அமெரிக்காவில் ஓர்வில் கார்லைல், ஹரி ஸ்டைன் என்போர் வளர்த்தெடுத்த மாதிரி ரொக்கெட்டோ கோலை நிலத்திலேயே விட்டுச் செல்வது. செட்டைகளே அதனை நிலைநிறுத்துகின்றன. ஆனால் அசையாக் காற்றில் அசையாது நிற்கும் ரொக்கெட்டுக்குச் செட்டை இருந்தும் பயனில்லை. காற்று விரைந்து மோதினாலன்றோ செட்டை தொழிற்படும்? அவ்வேகம் வரும்வரை அதனைக் கைபிடித்து நடத்துவது வழிகோல்.

கணக்கு எளியது. செக்கனுக்குச் செக்கன் 100 மீற்றர் ஆர்முடுகலுடன் எழும் ரொக்கெட்டு, 90 சதம மீற்றர் வழிநடத்தப்பெறின் செக்கனுக்கு 13 மீற்றர் வேகத்தோடு கோலை நீங்கும். 40 சதம மீற்றரே எனின் 9 மீற்றர்தான். அவ்வேளை 5 மீற்றர் வேகத்தில் குறுக்கே காற்று வீசினால், முன்னதற்குக் காற்று 21 பாகை சரிவிலும், பின்னதற்கு 29 பாகை சரிவிலும் வந்து மோதும். ரொக்கெட்டு காற்றை நோக்கியே தலைதிருப்பும். ஆனி, ஆடி மாதங்களில் ஹற்றன் கணவாயில் நின்றவர்க்கு அக்காற்றைப் பற்றி யான் சொல்ல வேண்டுவதில்லை. சமவெளியில் பத்துப் பாகை பிழைத்தால் பனங்காட்டில் விழும்; இங்கோ மைதானத்தின் ஓரத்திலேயே லயத்துக் கூரையும் கொழுந்தெடுக்கும் பெண்டிரும் உளர்.

கோல் நீளமாயிருந்தால் மட்டும் போதுமோ? போதாது. குழலும் கோலும் ஒன்றற்கொன்று அளவுபட வேண்டும். சிறிய ரொக்கெட்டுகளுக்கு வழக்கமான கோல் ஓர் அங்குலத்தின் எட்டிலொரு பங்கு, அஃதாவது ஏறத்தாழ 3 மில்லி மீற்றர் விட்டமுடையது. அதற்குரிய குழலின் உள்விட்டம் அதனினும் முக்கால் மில்லி மீற்றர் அளவே மிகுந்திருக்கும். மூன்று சதம மீற்றர் நீளக் குழலில் இவ்விடைவெளியால் ஒன்றரைப் பாகைக்கு மேல் சாய இடமில்லை. அதே கோலுக்குக் குளிர்பானம் உறிஞ்சும் 6 மில்லி மீற்றர்க் குழலை ஒட்டுவோர் பலர். அங்கே சாய்வு ஆறு பாகையை நெருங்குகின்றது! அக்குழலையே ஒட்டத்தான் வேண்டுமெனின் 5 மில்லி மீற்றர்க் கோலைத் தேடுக. ஒரு குழலுக்கு ஈடாக இரண்டு சிறு குழல்களை ஒரே நேர்க்கோட்டில், சாண் தொலைவு விட்டு ஒட்டினால் சாய்வு மேலும் குறையும். ஆயின் மேற்குழல் கோலை நீங்கிய கணமே வழிகாட்டல் முடிந்தது என்பதை மறத்தலாகாது. நேர்க்கோடு சிறிது தவறினும் இரண்டும் கோலை இறுகப் பற்றிக்கொள்ளும். இறுக்கம் தளர்வினும் கேடு. பனியில் ஓரிரவு கிடந்த இரும்பில் துரு ஏறும் நாடு நம் நாடு. ஏவுமுன் எமரித் தாளால் கோலைத் தேய்த்து, குழல் தன் எடையாலேயே வழுக்கி இறங்குகின்றதா எனப் பார்த்தல் வேண்டும்.

தேயிலைத் தொழிற்சாலையில் உருளைப் பொறியின் தண்டுக்கும் பெயாரிங்குக்கும் எவ்வளவு இடைவெளி தகும் என்பதை விரல்நுனியால் உணரும் தந்தையரின் மக்கள் நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர். அவ்வறிவு ஏட்டில் இல்லாமையால் அதனை அறிவென்றே நாம் மதிப்பதில்லை. உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்பிக்கும் தமிழ்ப் பாடசாலைகள் மலையகத்தில் இன்றும் சிலவாயிருக்க, கைவசமுள்ள அறிவையும் வாயிலில் நிறுத்திவிட்டு உள்ளே செல்வது எவ்வகை நியாயம்?

வெடிமருந்து வேண்டாம், சட்டமும் தடுக்கும், பெற்றோர் அச்சமும் தடுக்கும். ஒன்றரை லீற்றர்ப் போத்தலில் மூன்றிலொரு பங்கு நீர், சைக்கிள் பம்பு, இவை போதும். ஆனால் நீரோடு அரைக் கிலோகிராமுக்கு மேற்பட்ட திணிவை 3 மில்லி மீற்றர்க் கம்பி தாங்காது. வளைந்து சாட்டைபோல் அடிக்கும். கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 6 மில்லி மீற்றர்க் கம்பி பதினாறு மடங்கு விறைப்பானது. கோலின் நுனி கண்மட்டத்துக்கு மேல் நிற்கவோ மூடியிடப்படவோ வேண்டும் என்பதும், செங்குத்திலிருந்து 30 பாகைக்கு மேல் சரிக்கலாகாது என்பதும் அமெரிக்க மாதிரி ரொக்கெட்டுச் சங்கத்தின் விதிகள். அவை நமக்கும் ஆகும்.

இதனை விளையாட்டென்று இகழ்வார்க்குத் தும்பாவை நினைவூட்டுவேன். 1963 நவம்பர் 21இல் கேரளக் கடற்கரையிலுள்ள அச்சிற்றூரிலிருந்து நைக்கி-அப்பாச்சி ரொக்கெட்டு எழுந்தது. தூக்கும் பொறி பழுதுபட, அதனை ஏவுதண்டவாளத்தில் ஏற்றக் கைவலிமையையே நாட நேர்ந்ததை இராமேசுவரத்து அப்துல் கலாம் தம் வரலாற்றில் கூறியுள்ளார். அங்கே தண்டவாளம் செய்த தொழிலைத்தான் இங்கே நம் கம்பி செய்கின்றது. அடுத்து 1967இல் அங்கிருந்து பறந்த இந்தியாவின் சொந்த ரோகிணி ரொக்கெட்டின் விட்டம் 75 மில்லி மீற்றர். நம் மாணவரின் போத்தலினும் சிறியது.

ஆதலின் போட்டி வைப்போர் உயரத்துக்கு மட்டும் பரிசளித்தலை நிறுத்துக. ஏவுமுன் நடுவர் ஒருவர் குழலையும் கோலையும் அளந்து புள்ளியிடட்டும். முதல் பத்து மீற்றர் நேராக எழுந்ததற்குத் தனிப் பரிசு இருக்கட்டும். விழா நினைவாகக் கல்லூரிக்கு யாதேனும் அளிக்க விரும்பும் பழைய மாணவர்காள், பெயர் பொறித்த வாயில்தூண் ஒன்று குறைந்தாலும் குறைக. 3, 5, 6 மில்லி மீற்றர் விட்டமுள்ள உருக்குக் கம்பிகள் நாலைந்தும், நல்ல வேணியர் இடுக்கிமானி இரண்டும் விஞ்ஞான கூடத்துக்குத் தாருங்கள். கம்பிகள் துருவேறாதிருக்க எண்ணெய் பூசி வைக்கும் பொறுப்பைத் தமிழ் வகுப்பு ஏற்கும்.