யார் வீட்டுப் பாட்டு?

போன ஞாயிற்றுக்கிழமை கடலூருக்குப் போயிருந்தேன். திருப்பாதிரிப்புலியூரில் என் பெரியம்மா இருக்கிறாள். நான் உள்ளே நுழைந்தபோது கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து மொச்சைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் பேரன். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் படிக்கிறவன். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாவதோ என்று ஒரு கணம் பயந்தே போய்விட்டேன்.

"அத்தை, நீங்களும் கேளுங்கள்" என்று ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கைபேசியைக் கூடத்தின் நடுவில் வைத்தான்.

மெள்ள ஒரு கிதார். அதன்மேல் ஒரு கிழவரின் குரல். எண்ணெய் காணாத கதவுக் கீலைப் போலக் கரகரத்தது, நடுவில் நடுங்கியது, மூச்சு வாங்கியது. நம் ஊர்க் கச்சேரியாயிருந்தால், 'பாகவதருக்கு இன்று சாரீரம் சரியில்லை' என்று எழுந்து காபி சாப்பிடப் போயிருப்போம்.

பெரியம்மாவுக்கு இங்கிலீஷில் ஓர் அட்சரம் தெரியாது. ஆனாலும் மொச்சை உரித்த கை நின்றுவிட்டது. பாட்டு முடிந்ததும், "பாவம், யாரடா இந்த மனுஷன்? ஊருக்குக் கிளம்புகிறவன் சொல்லிக்கொள்கிற மாதிரி பாடுகிறானே!" என்றாள்.

பையன் அசந்துபோனான். விஷயம் அப்படித்தான். பாடியவர் ஜானி கேஷ் என்ற அமெரிக்கர். 1950களில் ராக் அண்டு ரோல் பாட்டு கிளம்பிய நாளிலேயே பேர் வாங்கியவர். 2002 நவம்பரில், தம் எழுபதாவது வயதில், ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அதில் 15 பாட்டு. அவரே இயற்றியவை மூன்றுதான். மற்றதெல்லாம் பிறத்தியார் பாட்டு. நாங்கள் கேட்டது ட்ரென்ட் ரெஸ்னர் என்பவர், முப்பது வயதுகூட நிரம்பாத காலத்தில் எழுதி, 1994இல் வெளியிட்டது. தன்னைத் தானே பாழாக்கிக்கொண்ட ஒரு வாலிபனின் புலம்பல். கிழவர் அதில் ஒரே ஒரு வார்த்தையைத்தான் மாற்றினாராம். ஆனால் அவர் வாயில் அது ஒரு முழு ஆயுளின் கணக்காகிவிட்டது. அந்தப் பாட்டுக்கு எடுத்த படத்தில் அவர் மனைவி ஜூன் பின்னால் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். 2003 மே மாதத்தில் அவள் போய்விட்டாள். செப்டம்பரில் அவரும் போனார். அந்தப் படத்தைப் பார்த்த ரெஸ்னர், இனி இது என் பாட்டில்லை என்றே சொல்லிவிட்டாராம்.

"மற்றவர் பாட்டை எடுத்துப் பாடினால் அதற்குக் கவர் என்று பேர், பாட்டி" என்றான் பையன்.

"கவரா? மொய்க் கவரா?"

நான் சிரித்துவிட்டேன். பெரியம்மா சிரிக்கவில்லை. "ஏன், சரியாய்த்தானே இருக்கிறது! கவர் கடையில் வாங்கினதாயிருக்கட்டும். உள்ளே வைத்த ரூபாய் அந்த மனுஷனுடையதுதானே? இதற்கா இத்தனை அதிசயம்? நந்தன் பாட்டு மட்டும் என்னவாம்?" என்றாள்.

வாஸ்தவம்தானே! நந்தன் சரித்திரக் கீர்த்தனைகளை எழுதியது கோபாலகிருஷ்ண பாரதியார். அவர் பிராம்மணர்; கல்யாணமே செய்துகொள்ளாத கட்டை. தில்லையைக் காணத் தவித்த ஒரு பண்ணையாளின் ஏக்கத்தை அவர் எடுத்துப் பாடினார். ஊர் ஊராகப் பாகவதர்கள் அதைப் பாடினார்கள். 1935இல் சினிமாவில் நந்தனாராக வந்தது யார்? ஒரு ஸ்திரீ! கே. பி. சுந்தராம்பாள். 1933 டிசம்பரில் கணவர் கிட்டப்பாவைப் பறிகொடுத்து, இருபத்தைந்து வயதிலேயே வெள்ளைப் புடவை உடுத்தவர். அந்தத் துக்கத்தோடு அவர் ஆண் வேஷம் போட்டுக்கொண்டு சிவனைக் கூப்பிட்டபோது, அந்தக் குரலில் கூப்பிட்டது நந்தன் மட்டும்தானா? அப்புறம் 1942இல் ஜெமினி படத்தில் எம். எம். தண்டபாணி தேசிகர். அவர் தேவாரத்தில் ஊறினவர். அவர் குரலில் அதே நந்தன் வேறு நந்தன். பின்னால் அந்தத் தேசிகரே சிதம்பரத்துக்கு வந்து, அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் இசைத் துறைக்குத் தலைவராக இருந்தார். பாரதிதாசன் பாட்டொன்றைத் தேஷ் ராகத்தில் அமைத்து நமக்கெல்லாம் கொடுத்தவரும் அவர்தான்.

இவ்வளவையும் எனக்கு நினைவூட்டிவிட்டு, "நீங்களே ஒரு நந்தன் பாட்டுப் பாடுங்களேன், பெரியம்மா" என்று நான் கேட்டதும் அவள் மறுபடி மொச்சைக்கொட்டைக்குள் புகுந்துகொண்டாள்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. பெரியப்பா ரயில்வேயில் இருந்தவர். ராத்திரி டியூட்டி முடிந்து வந்து இலையில் உட்கார்ந்தால், பெரியம்மா ஒரு நந்தன் பாட்டுப் பாடியாக வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் போனார். மறு வருஷம் நவராத்திரிக் கொலுவில் எல்லாரும் வற்புறுத்தி இவளைப் பாடச் சொன்னோம். மேலே ஏறுகிற இடத்தில் சாரீரம் பிசிறிப்போயிற்று. என் அண்ணி, அதாவது பெரியம்மாவின் மருமகள், நல்ல எண்ணத்தோடுதான், "சிரமப்படாதீர்கள் அத்தை, சரியான பாட்டே இதில் இருக்கிறது" என்று கைபேசியில் ஒரு பெரிய வித்வானைப் பாடவைத்தாள். கூட்டம் திருப்தியாய்க் கேட்டது. பெரியம்மா சுண்டல் எடுத்து வருகிறேன் என்று சமையற்கட்டுக்குப் போனாள். அத்துடன் பாட்டை விட்டாள். நானும் அன்றைக்கு அங்கே உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டவள்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அம்மா அன்றைக்குப் போட்டதுதான் சரியான பாட்டு என்றால், இந்தக் கிழவர் பாடினது தப்பான பாட்டு" என்றான் பையன். சமையற்கட்டு வாசற்படியில் அண்ணி நின்றுகொண்டிருந்ததை அவன் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அண்ணி ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் பையன் ஹாஸ்டலுக்குத் திரும்ப வேண்டும். "நடராஜரைப் பார்த்து வெகு நாளாச்சு" என்றாள் பெரியம்மா. நாலு பேருமாகப் பாஸஞ்சர் வண்டி ஏறினோம். முதுநகர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பெரியப்பாவைப் பற்றி ஒரு கதை வந்தது. சிதம்பரத்தில் தரிசனம் முடித்துக்கொண்டு சிவகங்கைக் குளத்துப் படியில் உட்கார்ந்தோம்.

பெரியம்மா தானாகவே முணுமுணுக்க ஆரம்பித்தாள். கிட்டே வரலாமா என்று நந்தன் கேட்கிற பாட்டு. மேலே ஏறுகிற இடம் வந்தது. அதே இடத்தில் அதே பிசிறு. அண்ணியின் கையில் கைபேசி இருந்தது. எனக்குத் திக்கென்றது.

அண்ணி அதைப் பைக்குள் போட்டு மூடினாள். பாட்டு முடிகிறவரை அசையாமல் இருந்துவிட்டு, "அத்தை, ரெண்டாவது அடியில் ஒரு சுழிப்பு வந்ததே, அது அந்த வித்வான் பாட்டில் இல்லையே?" என்று கேட்டாள்.

"எப்படி இருக்கும்? அந்த இடத்தில் உன் மாமனார் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். அதற்காக நான் இழுத்து இழுத்து வந்த சுழிப்பு அது. பாரதியாருக்கு அது தெரியாது!"

"எனக்குச் சொல்லித் தருவீர்களா?" என்றாள் அண்ணி.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பாட்டை நிறுத்திவிட்ட ஒரு பெரியம்மா, ஒரு மாமியார் இருக்கலாம். சுத்தமான பாட்டுக்கு வித்வான்கள் இருக்கிறார்கள். எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். அந்தச் சுழிப்பு மட்டும் வேறெங்கும் கிடைக்காது. இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

இருட்டிவிட்டது. பையன் ஹாஸ்டலுக்குப் புறப்பட எழுந்தான். "பிரமாதமான கவர், பாட்டி!" என்றான்.

"வெறுமனே சொல்லிவிட்டுப் போகிறாயே, மொய் எங்கேடா?" என்றாள் பெரியம்மா.